மரத்தடியில் காத்திருப்பவர்களுக்கும் ஒரு பாதை: செஞ்சிக் கோட்டையைப் பராமரிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

செஞ்சிக் கோட்டையைப் பராமரிக்கும் அதிகாரிகளுக்கும், அங்கே சுற்றுலாத் திட்டங்கள் வகுப்பவர்களுக்கும்,

வணக்கம்.

என் அப்பாவுக்கு வயது 74. நாற்பது வருடத்துக்கு மேல் தெருக்கூத்து ஆடியவர். செஞ்சி, மேல்மலையனூர், திண்டிவனம் பக்கத்துக் கிராமங்களில் விடிய விடியக் கூத்து நடந்த காலத்தில், அவர் ஜமாவில், அதாவது கூத்துக் குழுவில், செஞ்சியை ஆண்ட தேசிங்குராஜன் கூத்து என்றால் தேசிங்கு அப்பாதான். புஜக்கட்டையும் கிரீடமும் கட்டி, சலங்கை அதிர அவர் சுற்றிச் சுற்றி ஆடுவதை நான் வைக்கோல் மேல் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அந்தக் கால்கள்தான் இப்போது மடங்க மறுக்கின்றன. இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டது. சமதரையில் கைத்தடியோடு மெதுவாக நடப்பார். நாலு படி ஏறச் சொன்னால் நின்றுவிடுவார்.

போன தை மாதம் குடும்பத்தோடு கோட்டைக்கு வந்தோம். எட்டாவது படிக்கும் என் மகனுக்கு உச்சி வரை ஏற வேண்டும் என்று ஆசை. டிக்கெட் வாங்கி உள்ளே வந்ததும் எல்லோரும் கோட்டையின் உயரமான மலையான ராஜகிரியை அண்ணாந்து பார்த்தோம். அப்பாவும் பார்த்தார். பார்த்துவிட்டு, "நீங்க போய்ட்டு வாங்க, நான் பையப் பாத்துக்கறேன்" என்று ஒரு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். நாங்கள் ஏறி இறங்க மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனது. திரும்பி வந்தபோது அதே இடத்தில், அதே மாதிரி, மடியில் பையை வைத்துக்கொண்டு இருந்தார். சுற்றி ஐந்தாறு குரங்குகள். தின்பண்டம் இருந்த பையை அவற்றிடமிருந்து காப்பாற்றியதைப் பேரனிடம் பெருமையாகச் சொன்னார். அப்புறம் கேட்டார்: "தேசிங்கு ராஜாவ எரிச்ச எடம் மேலதான் இருக்குதா? பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. மேலே இருப்பது ரங்கநாதர் கோயில், காவல் மண்டபம், பீரங்கி, பாறைப் பிளவின் மேல் போட்ட சிறு பாலம். வீட்டுக்கு வந்து படித்தபோதுதான் தெரிந்தது. தேசிங்கை எரியூட்டிய மேடை மலையடிவாரத்தில், செட்டிக்குளத்தின் கரையில் இருக்கிறது. அப்பா உட்கார்ந்திருந்த அதே மட்டத்தில். ஒரு படிகூட மலை ஏறத் தேவையில்லாத இடம் அது.

இது என் மனதை விட்டுப் போகவே இல்லை. அவர் வாழ்நாள் முழுக்க அந்த ராஜாவாக ஆடியவர். அந்த இடத்துக்குக் கிட்டத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தும், அது அங்கே இருக்கிறது என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. தெரிந்துகொள்ளாமல் போனது என் தவறும்தான். ஆனால் அன்று அந்த மரத்தடியில் அப்பா மட்டும் இல்லை. ஒரு கர்ப்பிணிப் பெண், கைக்குழந்தையோடு ஒரு அம்மா, கால் வீங்கிய ஒரு பெரியம்மா, காலுக்குத் தாங்குகம்பி (காலிப்பர்) போட்ட ஒரு இளைஞன். எல்லோர் பக்கத்திலும் பைகள், செருப்புகள், தண்ணீர் பாட்டில்கள். குடும்பத்துக்கு ஒருவர் என்று கீழே விட்டுவிட்டு மற்றவர்கள் மேலே போயிருந்தார்கள். செஞ்சிக்கு வருகிற குடும்பங்களில் இப்படி ஒருவர் கீழே தங்குவது வழக்கமாகவே ஆகிவிட்டது.

அவர்களுக்காகத்தான் இந்த மடல். என் கோரிக்கை ஒன்றுதான்: மலை ஏறாமல், சமதளத்திலேயே கோட்டையைச் சுற்றிப் பார்க்க ஒரு எளிய நடைபாதையை அமைத்து, அதற்கு ஒரு பெயர் வைத்து, நுழைவாயிலிலேயே அறிவியுங்கள்.

செஞ்சி என்றால் மலை என்றே எல்லோர் மனதிலும் பதிந்திருக்கிறது. அதில் தப்பில்லை. ராஜகிரி சுமார் 800 அடி. கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று இன்னும் இரண்டு மலைகள். மூன்றையும் இணைத்து ஓடும் மதில் கிட்டத்தட்ட 13 கிலோமீட்டர். 1677-இல் மராட்டிய மன்னர் சிவாஜி இந்தக் கோட்டையைப் பிடித்தார். அவருடைய மகன் ராஜாராம் இங்கே தஞ்சம் புகுந்தபோது, மொகலாயப் படை 1690-இலிருந்து 1698 வரை முற்றுகையிட்டுத்தான் உள்ளே வர முடிந்தது. இதெல்லாம் அந்தப் பாறைகளின் உயரத்தால் வந்த பெருமை. ஆனால் படையெடுப்பு வந்தால்தானே உச்சிக்கு ஓடுவார்கள்? மற்ற நாட்களில் ராஜாவும், குதிரைக்காரனும், நெல் அளப்பவனும், பூசாரியும் வாழ்ந்தது கீழேதான். கோட்டையின் அன்றாட வாழ்க்கை முழுவதும் தரையில் கிடக்கிறது.

கல்யாண மகாலை எடுத்துக்கொள்ளுங்கள். சதுரமான முற்றம், சுற்றிலும் அறைகள், நடுவில் அடுக்கடுக்காகக் குறுகி எழும் கோபுரம். அந்த மாடிகளுக்கு வெளியிலிருந்து மண்குழாய் வழியாகத் தண்ணீர் ஏற்றியிருக்கிறார்கள். மோட்டார் இல்லாத காலத்தில்! அந்த முற்றத்தில் ஒரு பெஞ்சு இருந்தால், அப்பா அங்கே உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தபடி ஒரு மணி நேரம் பேரனுக்குக் கதை சொல்வார். பக்கத்திலேயே யானைக்குளம். வரிசையாகக் குதிரை லாயங்கள். கொஞ்சம் தள்ளித் தானியக் களஞ்சியம். தடித்த சுவர், வளைந்த கூரை. உள்ளே நின்று குரல் கொடுத்தால் சுவர்கள் திருப்பிக் கொடுக்கும். என் மகன் அங்கே கத்திக்கொண்டே இருந்தான். கூத்துக்காரரான அப்பா அங்கே நின்று ஒரு விருத்தம் பாடியிருந்தால் எப்படி ஒலித்திருக்கும் என்று நான் இப்போது நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். அப்புறம் உடற்பயிற்சிக் கூடம், தோண்டி எடுத்த அரண்மனையின் அடித்தளம், வேணுகோபாலசாமி சன்னிதியில் குழலூதும் கண்ணனின் சிற்பப் பலகை. எல்லாம் ராஜகிரியின் காலடியில்.

சற்றுத் தொலைவில் வெங்கடரமணர் கோயில். நாயக்கர் காலத்தது. கோட்டை வளாகத்தில் இருக்கும் கோயில்களிலேயே பெரியது. அதைப் பற்றி எழுதும்போது ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். புதுச்சேரி கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி உயரமான கருங்கல் தூண்கள் நிற்கின்றன அல்லவா? அவை செஞ்சியிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுபோனவை. மூன்று வருடத்துக்கு முன் அப்பாவைப் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனபோது, சாயங்காலம் அந்தக் கடற்கரைக்குப் போனோம். மாலையில் அங்கே வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். மேடு பள்ளம் இல்லாத அகலமான பாதை. உட்கார இடம் உண்டு. வீல்சேரில் வந்தவர்கள்கூட அந்தத் தூண்கள் பக்கம் வந்து காற்று வாங்கிக்கொண்டிருந்தார்கள். அப்பா ஒரு தூணில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அது நம்ம ஊர்க் கல் என்று அன்றைக்கு எங்கள் யாருக்கும் தெரியாது. செஞ்சியின் தூண்கள் பக்கத்தில் ஒரு முதியவர் நிம்மதியாக நடக்க முடிகிறது, அது புதுச்சேரியில். செஞ்சியிலும் அது முடிய வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

சாதத்துல்லாகான் மசூதியும் சமதளத்தில்தான். தேசிங்கை 1714-இல் போரில் வென்ற ஆற்காட்டு நவாப்தான் சாதத்துல்லாகான். அதற்குச் சில வருடங்களில் எழுந்த மசூதி அது. தோற்றவனின் சிதை மேடை செட்டிக்குளக் கரையில். இரண்டும் ஒரே கோட்டைக்குள், தரைமட்டத்தில். இந்த இரண்டையும் ஒரே நடையில் பார்க்கிற பிள்ளைக்கு வேறு பாடம் தேவையா? எங்கள் பக்கத்துக் கூத்தில், தேசிங்கோடு சேர்ந்து சாகிற நண்பன் மகபத்கான் ஒரு முஸ்லிம். கல்யாணத்தைப் பாதியில் விட்டுவிட்டு நண்பனுக்காகப் போர்க்களத்துக்கு வருகிறவன். அந்தக் கட்டத்தில் அழாத ஆளை நான் பார்த்ததில்லை. வெற்றி தோல்வியைவிட அந்த நட்பைத்தான் இந்த மண் முந்நூறு வருடமாகப் பாடிக்கொண்டிருக்கிறது. அதைச் சொல்ல ஒரு பலகை வைக்க நினைத்தால், அது மலை உச்சியில் வேண்டாம், இந்தக் குளக்கரையில் வையுங்கள்.

செட்டிக்குளத்துக்குப் பக்கத்திலேயே சக்கரக்குளம். அந்தப் பக்கத்தில் ஒரு பெரிய பாறையின் தலையில் கிணறு மாதிரி பள்ளம். கைதிக் கிணறு என்கிறார்கள். குற்றவாளிகளை உள்ளே தள்ளிப் பட்டினி போட்டுக் கொன்றதாகக் கதை. உண்மையோ இல்லையோ, பிள்ளைகளுக்குப் பயமும் ஆசையும் சேர்ந்து வரும் இடம். அதையும் கீழேயிருந்தே பார்க்கலாம்.

சரி, பாதை எப்படி இருக்க வேண்டும்? நான் பொறியாளர் இல்லை. ஆனால் முட்டி தேய்ந்த ஒருவரைப் பத்து வருடமாகக் கை பிடித்து நடத்துகிறேன். எது காலை இடறும், எது இடறாது என்று எனக்குத் தெரியும்.

முதல் விஷயம், தகவல். பாதை போடும் முன்பே, நாளைக்கே செய்யக்கூடியது இது. டிக்கெட் வாங்கும் இடத்தில் ஒரு பெரிய பலகை வேண்டும். தமிழில், பெரிய எழுத்தில். மலை ஏறினால் எத்தனை படி, எவ்வளவு நேரம், வழியில் எங்கே தண்ணீர் கிடைக்கும், எங்கே கிடைக்காது. ஏறாதவர்கள் எந்தெந்த இடங்களைப் பார்க்கலாம், ஒவ்வொன்றுக்கும் எத்தனை மீட்டர், இடையில் எங்கே உட்காரலாம். இவ்வளவுதான். "இங்கேயிருந்து களஞ்சியம் வரை இவ்வளவு தூரம், படி இல்லை" என்ற ஒரு வரி இருந்திருந்தால் அப்பா அன்றைக்கு மரத்தடியில் உட்கார்ந்திருக்க மாட்டார். முதியவர்களைத் தடுப்பது பல நேரம் தூரம் இல்லை. எவ்வளவு தூரம் என்று தெரியாமல் கிளம்பிப் பாதி வழியில் மாட்டிக்கொள்வோமோ என்கிற பயம்தான்.

அடுத்தது தரை. தயவுசெய்து கான்கிரீட் கொட்டாதீர்கள். பளபளவென்று டைல்ஸ் ஒட்டாதீர்கள். மழை பெய்தால் டைல்ஸ் வழுக்கும், வெயிலில் கான்கிரீட் கொதிக்கும். கோட்டையின் முகமே கெட்டுவிடும். மண்ணும் சரளையும் போட்டு நன்றாக இறுக்கி, தண்ணீர் தேங்காதபடி ஓரச் சரிவு கொடுத்தால் போதும். எங்கள் பக்கம் ஏரிக்கரைப் பாதைகளை அப்படித்தான் போடுவார்கள். கைத்தடியும் ஊன்றும், வீல்சேரும் ஓடும். நாளைக்கு வேண்டாம் என்றால் அள்ளிவிடலாம், பழைய கல்லுக்கு ஒரு கீறல்கூட விழாது. பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதிய கட்டடம் கூடாது என்று சட்டம் இருப்பது எனக்குத் தெரியும். அந்தச் சட்டம் வேண்டும் என்றும் நினைக்கிறேன். நான் கேட்பது கட்டடம் இல்லை. மனிதர்களும் ஆடு மாடுகளும் நடந்து நடந்து ஏற்கெனவே விழுந்திருக்கும் ஒற்றையடிப் பாதைகளைக் கொஞ்சம் அகலப்படுத்திச் சமன்படுத்துவது மட்டும்தான்.

வாசல்களில்தான் உண்மையான சிக்கல். கோட்டை வாசல்களிலும் மண்டப வாசல்களிலும் உயரமான கல் நிலைப்படிகள் இருக்கும். முக்கால் அடி உயரம்தான். ஆனால் அப்பாவுக்கு அந்த முக்கால் அடியும் ராஜகிரிதான். அங்கே கல்லை வெட்ட வேண்டாம், ஆணி அடிக்க வேண்டாம். மேலே தூக்கி வைக்கிற மாதிரி மரச் சரிவுப் பலகைகள் போதும். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது சாய்தளத்துக்கு ஒத்துக்கொள்ளப்பட்ட கணக்கு. அதைவிடச் செங்குத்தாக வைத்தால் தள்ளுகிறவரும் சேர்ந்து விழுவார். எங்கே அவ்வளவு இடம் இல்லையோ, அங்கே வாசலோடு நிறுத்திவிட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று படமாக ஒரு பலகை வையுங்கள். எல்லா மூலைக்கும் எல்லோரும் போயே ஆக வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

நிழலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். செஞ்சி வெயில் தெரியாதவர்கள் போடும் திட்டம் செஞ்சியில் நிற்காது. இங்கே வெயில் வானத்திலிருந்து மட்டும் வராது, பாறையிலிருந்தும் வரும். பத்து மணிக்குச் சூடேறுகிற பாறை பொழுது சாய்ந்த பிறகும் அனல் விட்டுக்கொண்டிருக்கும். சித்திரை வைகாசியில் வயதானவர்கள் பகலில் நடக்கவே முடியாது. அதனால் பாதை மர வரிசையை ஒட்டியே போகட்டும், கொஞ்சம் சுற்று வழியானாலும் பரவாயில்லை. மரம் இல்லாத இடத்தில் வேம்பும் புங்கனும் நடுங்கள். ஐந்தாறு வருடத்தில் நிழல் கொடுத்துவிடும். வேர்கள் பழைய சுவரைத் தொடாத தூரத்தில் நட வேண்டும், அதை உங்கள் ஆட்கள் சொல்வார்கள். நூறு நூறு மீட்டருக்கு உட்கார ஓர் இடம் வேண்டும். அதற்குச் சாய்மானமும் கைப்பிடியும் இருக்க வேண்டும். முட்டி போனவர்களுக்கு உட்காருவதைவிட எழுந்திருப்பதுதான் கஷ்டம். கை ஊன்ற ஒன்றும் இல்லாத வெறும் கல்பலகையில் அப்பா உட்காரவே மாட்டார்.

தண்ணீர், கழிப்பறை இரண்டும் பாதையின் பாதியில் ஓரிடத்தில் வேண்டும், நுழைவாயிலில் மட்டும் இருந்தால் போதாது. சர்க்கரை இருக்கிற பெண்கள் எத்தனை பேர் இதற்காகவே வெளியூர்ப் பயணத்தில் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள் என்று உங்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

பேட்டரி வண்டி விடலாமே என்று சிலர் சொல்வார்கள். விடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. வெங்கடரமணர் கோயில் மாதிரி தள்ளியிருக்கும் இடங்களுக்கு அது உதவும். ஆனால் வண்டியில் ஏற்றி நாலு இடம் காட்டி இறக்கிவிடுவது வேறு, சொந்தக் காலில் நடந்து பார்ப்பது வேறு. அப்பா மாதிரி ஆட்களுக்கு நடக்க ஆசை இருக்கிறது. தங்கள் வேகத்தில் நடக்க, நிற்க, குளத்து மீனைப் பார்க்க, மறுபடி நடக்க. அதற்கு மதிப்புக் கொடுங்கள்.

2025 ஜூலையில் பாரிஸில் நடந்த கூட்டத்தில் யுனெஸ்கோ மராட்டியரின் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில். பன்னிரண்டாவது நம் செஞ்சி. அன்றைக்கு எங்கள் தெருவில் எல்லோரும் அதையே பேசினார்கள். கூட்டம் பெருகும், அதற்காக நிறையத் திட்டங்களும் வரும். எனக்கு உள்ள கவலை, அந்தத் திட்டங்களில் ரோப்கார், ஒளி ஒலிக் காட்சி என்று பெரிய பெரிய சமாச்சாரங்கள் முன்னால் வந்து, கைத்தடி ஊன்றி நடக்க ஒரு பாதை என்பது கடைசி வரியாகப் போய்விடக் கூடாது என்பதுதான். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-லேயே வந்துவிட்டது. பொது இடங்கள் எல்லோரும் போய்வரும்படி இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. காலிப்பர் போட்டிருந்த அந்த இளைஞன் யாரிடமும் தயவு கேட்கத் தேவையில்லை. அது அவனுடைய உரிமை.

இன்னொரு ஆசையும் உண்டு. இந்தப் பாதையில் கதை சொல்ல எங்கள் பக்கத்துக் கூத்துக் கலைஞர்களைக் கூப்பிடுங்கள். ஆட முடியாத வயதில், தொண்டை மட்டும் இன்னும் கணீரென்று இருக்கிற ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். தேசிங்கின் கதை அவர்களுக்கு மனப்பாடம். சரித்திரம் எது, கூத்தில் சேர்த்தது எது என்று ஒரு வரலாற்று ஆசிரியர் அவர்களோடு உட்கார்ந்து பிரித்துச் சொல்லிக்கொடுத்தால், அவர்களைவிட நல்ல வழிகாட்டிகள் உங்களுக்குக் கிடைக்க மாட்டார்கள். மாதம் நாலு நாள் வேலை கிடைத்தாலும் அந்த வீடுகளில் அடுப்புக்கு ஆகும்.

மலை ஏறுவதை நான் குறைத்துச் சொல்லவில்லை. உச்சியில் நின்று என் மகன் காற்றில் சட்டை படபடக்கக் கூவியதை நான் மறக்க மாட்டேன். ஏறுகிறவர்கள் ஏறட்டும். அந்த மூன்று மணி நேரத்தில் கீழே இருப்பவர்களுக்கும் பார்க்க ஒரு கோட்டை இருக்க வேண்டும். அது அங்கே ஏற்கெனவே இருக்கிறது. வழிதான் வேண்டும்.

வருகிற மார்கழி கடைசியில், வெயில் தாழ்ந்திருக்கும்போது, அப்பாவை மறுபடி அழைத்து வருகிறேன். இந்தத் தடவை மலைக்கு இல்லை, செட்டிக்குளத்துக்கு. காலையில் வாசல் திறக்கும் நேரத்துக்கே வந்துவிடுவோம். உங்களில் ஒருவர், கையில் ஒரு நோட்டும் அளவு நாடாவும் எடுத்துக்கொண்டு எங்களோடு நடந்து வாருங்கள். அப்பா எங்கே நிற்கிறார், எங்கே என் தோளைப் பிடிக்கிறார், எந்தப் படியில் தயங்குகிறார், எந்த நிழலைத் தேடிப் போகிறார் என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். நடை மெதுவாகத்தான் இருக்கும். குளக்கரை வந்ததும் அவர் கொஞ்சம் பாடுவார் என்று நினைக்கிறேன். அதுவரை இருந்துவிட்டுப் போங்கள்.

இப்படிக்கு,
செஞ்சிப் பக்கத்துக் கூத்துக்காரர் ஒருவரின் மகள்